நாவலை விட்டார்கள், பதிவைப் பிடித்தார்கள்

2023 ஆகஸ்ட் 7 அன்று மாஸ்கோவின் பாஸ்மன்னி மாவட்ட நீதிமன்றம் ஓர் எழுத்தாளருக்கு எட்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. தண்டனை பெற்றவர் அங்கே இல்லை. திமித்ரி குளுகோவ்ஸ்கி அதற்கு முன்பே ரஷ்யாவை விட்டு வெளியேறியிருந்தார். ராணுவத்தைப் பற்றித் தெரிந்தே பொய்த் தகவல் பரப்பினார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. உக்ரைன் போரைக் கண்டித்து சமூக ஊடகத்தில் அவர் போட்ட பதிவுகள்தான் வழக்குக்கு அடிப்படை.

அதே மனிதர் அதற்கு முன்பு இருபது ஆண்டுகளாக நாவல் எழுதிக்கொண்டிருந்தார். மக்களை ஏமாற்றும் ஆட்சியாளர்கள், போதைப்பொருளைச் சட்டைப்பையில் செருகிவிட்டுக் கைதுசெய்யும் அதிகாரிகள், தன் எல்லைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்றே தெரியாத ஒரு மாஸ்கோ என்று அந்த நாவல்களில் இல்லாதது எதுவும் இல்லை. அவை பெரிய பதிப்பகங்களில் வெளிவந்தன, கடைகளில் குவித்து வைத்து விற்கப்பட்டன, மேடை நாடகமாயின, திரைப்படமாயின. யாரும் அவரைக் கைதுசெய்ய வரவில்லை. சில வரிகள் நீளமே உள்ள பதிவுகளுக்காக வந்தார்கள். குளுகோவ்ஸ்கியின் எழுத்து வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, இந்த முரணிலிருந்து தொடங்குவதே சரி.

அவர் பிறந்தது 1979 ஜூன் 12, மாஸ்கோவில். சோவியத் ஒன்றியம் கலைந்தபோது வயது பன்னிரண்டு. பள்ளிக்கு மெட்ரோ ரயிலில் போய்வந்த பையன். மாஸ்கோ மெட்ரோவை வெறும் போக்குவரத்து வசதியாக மட்டும் அந்த ஊர்க்காரர்கள் பார்ப்பதில்லை. 1935இல் திறக்கப்பட்ட அந்தச் சுரங்கப் பாதைகள் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சிலிருந்து மக்களைக் காப்பாற்றின. ஜெர்மானியப் படை நகரை நெருங்கிக்கொண்டிருந்த 1941 நவம்பரில், அக்டோபர் புரட்சி ஆண்டுவிழாக் கூட்டமே மாயகோவ்ஸ்கயா நிலையத்தில் தரைக்கடியில்தான் நடந்தது. ஸ்டாலின் அங்கேதான் பேசினார். பனிப்போர்க் காலத்தில் அணுகுண்டுத் தாக்குதலையும் மனதில் வைத்து, காற்றுப் புகாத கனத்த இரும்புக் கதவுகள் பொருத்தப்பட்டன. அந்தக் கதவுகளின் தடங்களை இன்றும் நிலைய வாசல்களில் பார்க்கலாம். தினமும் அவற்றைத் தாண்டிப் போன ஒரு மாணவனுக்கு, இவை ஒருநாள் உண்மையிலேயே மூடப்பட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி வந்ததில் ஆச்சரியமில்லை.

பதின்ம வயது முடியும் முன்பே அவர் அதை எழுதத் தொடங்கினார். பின்னர் இஸ்ரேலுக்குப் போய் ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் இதழியலும் சர்வதேச உறவுகளும் படித்தார். நாவலும் கூடவே வளர்ந்தது. எழுதி முடித்துப் பதிப்பகங்களுக்கு அனுப்பினால், வேண்டாம் என்றார்கள். அந்த முதல் வடிவத்தில் கதாநாயகன் இறுதியில் ஒரு தவறிய தோட்டாவுக்குப் பலியாகிவிடுவான். இத்தனை பக்கம் கூடவே வந்த வாசகனை இப்படியா விட்டுவிட்டுப் போவது என்று பதிப்பாளர்கள் தயங்கினார்கள்.

2002இல் குளுகோவ்ஸ்கி தன் நாவலை ஓர் இணையதளம் அமைத்து அதில் இலவசமாகப் போட்டுவிட்டார். அன்றைய ரஷ்யாவில் ஓர் இளைஞன் தன் எழுத்தை இப்படிக் கடைபரப்புவதை இலக்கிய உலகம் மதிக்கவில்லை. ஆனால் வாசகர்கள் வந்தார்கள், வந்து பேசினார்கள், குறை சொன்னார்கள், தொடர்ந்து எழுதச் சொன்னார்கள். கதாநாயகன் ஆர்த்யோம் பிழைத்தான். நாவல் இருபது அத்தியாயங்களாக நீண்டது. இணையத்தில் இத்தனை பேர் படித்துவிட்ட பிறகு பதிப்பகங்களுக்குத் தயக்கம் போய்விட்டது. 2005இல் 'மெட்ரோ 2033' அச்சில் வந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த அதே நாவலை மக்கள் காசு கொடுத்தும் வாங்கினார்கள். 2007இல் ஐரோப்பிய அறிவியல் புனைகதைச் சங்கம் புதிய எழுத்தாளர்களுக்கு வழங்கும் ஊக்கப் பரிசை அவருக்குக் கொடுத்தது.

நாவலின் உலகம் எளிமையானது, அதனால்தான் மனதில் நிற்கிறது. அணு ஆயுதப் போரில் பூமியின் மேற்பரப்பு நச்சாகிவிட்டது. போர் நடந்த நேரத்தில் மெட்ரோவுக்குள் இருந்தவர்கள் மட்டும் பிழைத்தார்கள். இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது ஒவ்வொரு ரயில் நிலையமும் ஒரு நாடு. வடக்கே வேதேன்கா நிலையத்தில் பன்றி வளர்க்கிறார்கள். காளானிலிருந்து ஒரு தேநீர் தயாரித்து மற்ற நிலையங்களுக்கு விற்கிறார்கள். பணத்துக்குப் பதில் துப்பாக்கித் தோட்டாக்கள் புழங்குகின்றன. ஒரு கோப்பைத் தேநீர் வாங்கும்போது, ஓர் உயிரைப் போக்கக்கூடிய உலோகத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும். வட்டப்பாதை நிலையங்கள் வணிகர்களின் கூட்டமைப்பு. சிவப்புப் பாதை கம்யூனிஸ்டுகளின் கையில். புஷ்கின்ஸ்கயாவையும் அதை ஒட்டிய நிலையங்களையும் நாஜிகள் பிடித்துவைத்திருக்கிறார்கள். லெனின் நூலகத்தை ஒட்டிய நிலையங்களில் படித்தவர்கள் கூடி அறிவைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். உலகமே அழிந்த பிறகும் இருபதாம் நூற்றாண்டின் சண்டைகளை மனிதர்கள் நிலையம் நிலையமாகத் தொடர்கிறார்கள்.

இந்தச் சித்திரத்துக்குப் பின்னால் ரஷ்ய அறிவியல் புனைகதையின் நீண்ட மரபு இருக்கிறது. மேற்பரப்புக்குத் துணிந்து போய்ப் பொருள் எடுத்துவருபவர்களை நாவல் 'ஸ்டாக்கர்' என்று அழைக்கிறது. ஸ்த்ருகாத்ஸ்கி சகோதரர்களின் 1972ஆம் ஆண்டுக் குறுநாவலிலிருந்து வந்த பெயர் அது. சோவியத் காலத்தில் நேரடியாகச் சொல்ல முடியாததை வேற்றுக் கிரகத்தில், எதிர்காலத்தில், யாரும் இல்லாத தடைசெய்யப்பட்ட பகுதியில் வைத்துச் சொல்வது எழுத்தாளர்களுக்குக் கைவந்த கலை. தணிக்கையாளர் அதைக் குழந்தைகளுக்கான சாகசக் கதை என்று எண்ணிக் கடந்துபோகக்கூடும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. குளுகோவ்ஸ்கி எழுத வந்தபோது தணிக்கை இல்லை. ஆனாலும் அந்த ஆயுதம் அவர் கையில் இருந்தது. பின்னாளில் அது தேவைப்பட்டது.

புத்தகம் வெற்றி பெற்ற காலத்தில் அவர் முழுநேர நாவலாசிரியர் ஆகிவிடவில்லை. பிரான்சின் லியோன் நகரில் யூரோநியூஸ் தொலைக்காட்சியில் வேலை பார்த்தார். பிறகு மாஸ்கோ திரும்பி, அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த 'ரஷ்யா டுடே' அரசுத் தொலைக்காட்சியில் நிருபரானார். கிரெம்ளின் செய்தியாளர் குழுவோடு பயணம் செய்தார். அதன்பின் மாயக் வானொலியில் நிகழ்ச்சி நடத்தினார். இன்று அரசை இவ்வளவு கடுமையாகத் தாக்குபவர் ஒரு காலத்தில் அதே அரசின் ஊடகத்தில் சம்பளம் வாங்கியவர்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அதிகாரம் எப்படிப் பேசுகிறது, என்ன சொல்லாமல் விடுகிறது என்பதை அருகிலிருந்து பார்த்த அனுபவம் அவருடைய பிற்கால எழுத்தில் தெளிவாகத் தெரிகிறது என்பதும் உண்மை.

2009இல் 'மெட்ரோ 2034' வந்தது. அதையொட்டி அவர் எடுத்த முடிவு ரஷ்யப் பதிப்புலகுக்குப் புதியது. தன் கற்பனை உலகை மற்ற எழுத்தாளர்களுக்குத் திறந்துவிட்டார். யார் வேண்டுமானாலும் தங்கள் ஊரில், அணுப்போருக்குப் பிந்தைய அதே உலகில் நடக்கும் கதையை எழுதலாம். தேர்ந்தவை வரிசை நூல்களாக வெளியாகும். ரஷ்யாவின் பல நகரங்களிலிருந்தும் நாவல்கள் வந்தன. இத்தாலியின் துல்லியோ அவோலேதோ போன்ற வெளிநாட்டு எழுத்தாளர்களும் சேர்ந்தார்கள். இலக்கிய விமர்சகர்கள் இதை வணிகத் தொழிற்சாலை என்றார்கள். அந்த விமர்சனத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த வரிசையில் சுமாரான நூல்களும் உண்டு. ஆனால் எழுதும் ஆசை கொண்ட எத்தனையோ பேருக்கு முதல் புத்தகம் வெளியிட அது வாசல் திறந்தது.

உலகப் புகழ் வந்தது வேறு வழியில். உக்ரைன் தலைநகர் கீவில் இருந்த 4ஏ கேம்ஸ் என்ற நிறுவனம் நாவலைக் கணினி விளையாட்டாக்கியது. 2010இல் முதல் விளையாட்டு, 2013இல் 'லாஸ்ட் லைட்', 2019இல் 'எக்ஸோடஸ்'. வாயுமுகமூடியின் கண்ணாடி விரிசல் விட, மூச்சுக்காற்று குறைந்துகொண்டே வர, இருட்டில் ஓடும் அந்த அனுபவம் நாவலைத் தொட்டே பார்த்திராத லட்சக்கணக்கானவர்களை மாஸ்கோவின் சுரங்கங்களுக்குள் இழுத்துவந்தது. ஒரு ரஷ்யரின் கற்பனைக்கு உருவம் கொடுத்தவர்கள் உக்ரைனியர்கள். 2010இல் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அன்று அது இயல்பான விஷயமாக இருந்தது.

இந்த இடத்தில் நின்றுவிட்டிருந்தால் குளுகோவ்ஸ்கி ஒரு வெற்றிகரமான வணிக எழுத்தாளர், அவ்வளவே. ஆனால் அவர் மெல்ல மெல்லத் தரைக்கு மேலே வரத் தொடங்கினார். 2010இல் 'தாய்நாட்டுக் கதைகள்' என்ற சிறுகதைத் தொகுப்பில் சமகால ரஷ்ய அதிகார வர்க்கத்தை நேரடியாகக் கிண்டல் செய்தார். 2013இல் வந்த 'எதிர்காலம்' மரணத்தை வென்றுவிட்ட ஐரோப்பாவைப் பற்றியது: குழந்தை பெற்றுக்கொள்ள விரும்பினால், பெற்றோரில் ஒருவர் தன் சாகாவரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

2015இல் 'மெட்ரோ 2035'. இடையில் 2014 போயிருந்தது. கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டிருந்தது, கிழக்கு உக்ரைனில் போர் தொடங்கியிருந்தது, தொலைக்காட்சியைத் திறந்தால் நாள் முழுக்க எதிரிகளைப் பற்றிய பேச்சு. ஆர்த்யோம் இந்த நாவலில் தினமும் மேலே போகிறான். உயரமான கட்டடம் ஒன்றில் ஏறி, வானொலிக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, உலகில் வேறு எங்காவது யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். எல்லோரும் அவனைப் பைத்தியம் என்கிறார்கள். கடைசியில் உண்மை தெரிகிறது. உலகம் சாகவில்லை. மற்ற நகரங்களில் மனிதர்கள் வாழ்கிறார்கள். மெட்ரோவைத் திரைமறைவில் ஆள்பவர்கள்தான் வானொலி அலைகளை முடக்கி, வெளியே யாருமே இல்லை என்று மக்களை நம்பவைத்திருக்கிறார்கள்.

ரஷ்ய வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிபிசியையும் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவையும் சோவியத் அரசு பல பத்தாண்டுகள் இப்படித்தான் இரைச்சல் அலைகளால் மறித்துவைத்தது. 1980களின் இறுதியில்தான் அது நின்றது. நாவலின் உண்மையான அடி இதற்கு அடுத்து வருகிறது. அலைமுடக்கிகளை அழித்துவிட்டு ஆர்த்யோம் ஓடிவந்து சொல்கிறான்: வாருங்கள், வெளியே போகலாம், உலகம் இருக்கிறது. மக்கள் கேட்பதில்லை. சிலர் நம்ப மறுக்கிறார்கள். சிலர் நம்பியும் கிளம்ப மறுக்கிறார்கள். பழகிய இருட்டும் பழகிய தலைவர்களும் போதும் என்கிறார்கள். சாகசம் எதிர்பார்த்து வாங்கிய ரசிகர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். இது அரசியல் துண்டறிக்கை என்றார்கள். இருந்தும் அந்த நாவல் மாஸ்கோவில் எந்தத் தடையும் இல்லாமல் விற்பனையானது.

அவருடைய சிறந்த படைப்பு எது என்றால், 2017இல் வந்த 'டெக்ஸ்ட்' என்ற நாவலைத்தான் சொல்ல வேண்டும். அதில் அணுப்போரும் இல்லை, எதிர்காலமும் இல்லை. இல்யா கொர்யுனோவ் என்ற கல்லூரி மாணவன் இரவு விடுதியில் நடந்த சோதனையின்போது, தன் காதலியைத் தொந்தரவு செய்த அதிகாரியைத் தடுக்கிறான். அந்த அதிகாரி இல்யாவின் பையில் போதைப்பொருள் பொட்டலத்தைச் செருகுகிறான். ஏழு ஆண்டு சிறை. யூரல் பகுதியின் சொலிகாம்ஸ்க்கில் தண்டனையை முடித்துவிட்டு, மாஸ்கோவை ஒட்டிய லோப்னியா என்ற சிறு ஊருக்குத் திரும்புகிறான். அவன் வருவதற்குச் சற்று முன்புதான் அம்மா இறந்துபோயிருக்கிறாள். மகனுக்காக அவள் வைத்த முட்டைக்கோஸ் சூப் வீட்டில் இருக்கிறது. தாயை இழந்த வீட்டில் உட்கார்ந்து அவன் அதைச் சாப்பிடுகிறான்.

குடித்துவிட்டு அந்த அதிகாரியைத் தேடிப் போகிறான், ஆத்திரத்தில் கொன்றுவிடுகிறான். செத்தவனின் கைபேசி இவன் கைக்கு வருகிறது. கடவுச்சொல்லும் தெரியும். இனி அதில் வரும் செய்திகளுக்கு இவன்தான் பதில் போட வேண்டும். இல்லாவிட்டால் கொலை வெளிப்பட்டுவிடும். அதிகாரியின் அம்மா மகனுக்குச் செய்தி அனுப்புகிறாள்; அம்மாவைப் பறிகொடுத்த இல்யா மகனாக நடித்துப் பதில் எழுதுகிறான். அதிகாரியின் காதலி கருவுற்றிருக்கிறாள். அவளிடமும் அவனாகவே பேசுகிறான். படங்கள், குரல் பதிவுகள், பழைய சண்டைகள் என்று ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க, தன் வாழ்வை அழித்தவனும் ஒரு மகன், ஒரு காதலன், தன் தந்தைக்குப் பயந்தவன் என்பது புரிகிறது. வெறுப்பை விட்டுவிடவும் முடியாமல், பழையபடி வைத்துக்கொள்ளவும் முடியாமல் இல்யா தவிக்கும் அந்தப் பக்கங்கள் இன்றைய ரஷ்ய இலக்கியத்தின் வலுவான பகுதிகளில் சேரும். வெறும் வணிக எழுத்தாளர் என்று ஒதுக்கியவர்கள் இந்த நாவலை அப்படி ஒதுக்க முடியவில்லை.

நாவல் மேடைக்கும் போனது. கிளிம் ஷிபென்கோ இயக்கிய திரைப்படம் 2019 அக்டோபரில் வெளியானது. அலெக்சாந்தர் பெத்ரோவ் இல்யாவாக நடித்தார். படத்தில் இருந்த ஒரு நெருக்கமான காட்சிக்காக நடிகை கிறிஸ்தினா அஸ்மூஸ் மீது பெரும் வசை கிளம்பியது. கதை பேசிய அநீதியை விட்டுவிட்டு, சில நிமிடக் காட்சியைச் சுற்றி நாடு சண்டை போட்டது.

அநீதியோ கற்பனையில் மட்டும் இருக்கவில்லை. படம் வெளியாவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2019 ஜூனில், மாஸ்கோவில் இவான் கொலுனோவ் என்ற புலனாய்வுச் செய்தியாளர் போதைப்பொருள் வைத்திருந்ததாகக் கைதானார். சக செய்தியாளர்கள் தெருவில் இறங்கினார்கள், பத்திரிகைகள் ஒன்றுசேர்ந்து முதல் பக்கத்தில் குரல் கொடுத்தன. ஒரு வாரத்துக்குள் வழக்கு கைவிடப்பட்டது. பொருளை வைத்து ஜோடித்த காவலர்கள் ஐந்து பேர் 2021இல் தண்டிக்கப்பட்டார்கள். குற்றவியல் சட்டத்தின் 228ஆம் பிரிவின் கீழ் அவ்வளவு பேர் உள்ளே போயிருப்பதால், அதை 'மக்கள் பிரிவு' என்றே ரஷ்யர்கள் சொல்வதுண்டு. கொலுனோவுக்குப் பின்னால் பத்திரிகையுலகம் நின்றது. இல்யாக்களுக்குப் பின்னால் நிற்க யாரும் இல்லை என்பதைத்தான் நாவல் இரண்டு ஆண்டுகள் முன்பே சொல்லியிருந்தது.

2019இலேயே 'போஸ்ட்' என்ற ஒலித்தொடரையும் தொடங்கினார், தானே வாசித்தார். உள்நாட்டுப் போரில் உடைந்து சுருங்கிய ரஷ்யா. யாரோஸ்லாவ் நகரில் நஞ்சாகிப்போன வோல்கா நதியின் ரயில் பாலத்தை ஒரு காவல் சாவடி காக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மாஸ்கோ சொல்வதில்லை. அங்கிருந்து வருவது ஒரு தொற்று. அது காற்றில் பரவுவதில்லை, நீரில் பரவுவதில்லை. காதால் கேட்கும் சொற்களால் பரவி மனிதர்களை வெறிபிடிக்க வைக்கிறது. பிரச்சாரம் ஒரு நாட்டை என்ன செய்யும் என்பதை இதைவிட நேராக ஒரு கதையில் சொல்வது கடினம். அதற்கும் தடை வரவில்லை.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. குளுகோவ்ஸ்கி சமூக ஊடகத்தில் உடனே வெளிப்படையாக எதிர்த்தார். மார்ச் 4 அன்று ராணுவத்தைப் பற்றிய 'பொய்த் தகவல்' பரப்பினால் அதிகபட்சம் பதினைந்து ஆண்டு சிறை என்ற புதிய சட்டம் வந்தது. அவர் நிறுத்தவில்லை. ஜூன் மாதம் தேடப்படுவோர் பட்டியலில் பெயர் சேர்ந்தது. அக்டோபரில் 'அயல்நாட்டு முகவர்' என்று அறிவித்தார்கள். அந்த முத்திரை விழுந்த எழுத்தாளர்களின் புத்தகங்கள் அதன்பின் கடைகளில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத உறையிட்டு, வயது வந்தோருக்கு மட்டும் என்ற குறியோடு விற்கப்பட்டன. பள்ளிப் பிள்ளைகள் கையில் வைத்துக்கொண்டு திரிந்த 'மெட்ரோ'வுக்கு இந்தக் கதி.

நாவல்களைச் சகித்துக்கொண்ட அரசு பதிவுகளைச் சகிக்காததற்குக் காரணம் இருக்கிறது. நாவலை எத்தனை லட்சம் பேர் படித்தாலும், இது கதைதானே என்று சொல்லிக்கொள்ள இரு தரப்புக்கும் இடம் உண்டு. வாசகன் தனியாகப் படிக்கிறான், தனியாகவே புரிந்துகொள்கிறான். அரசும் தெரியாததுபோல் இருந்துவிடலாம். நடக்கும் போரைப் போர் என்று சொல்லி, அதை நடத்துபவர்களைப் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டும்போது அந்த வசதி யாருக்கும் இல்லை. குளுகோவ்ஸ்கிக்கு இது தெரியாதிருக்க வழியில்லை. கற்பனையின் பாதுகாப்பு கையில் இருந்தும், அதை விட்டு வெளியே வந்து பேச அவர் முடிவுசெய்தார். அவருடைய வாழ்க்கையில் மதிப்புக்குரிய செயல் எது என்று கேட்டால், நாவல்களுக்கு முன்னால் இதைத்தான் வைக்க வேண்டும்.

அவர் தலைமுறையில் எல்லோரும் இந்தப் பக்கம் வரவில்லை. அதே ஆண்டுகளில் எழுத வந்த ஸகார் பிரிலேபின், 2006இல் புரட்சிக்கார இளைஞர்களைப் பற்றிய 'சன்கியா' நாவலால் அரசின் எதிர்ப்பாளராகப் பெயர் வாங்கியவர். 2014க்குப் பிறகு அவர் கிழக்கு உக்ரைனில் பிரிவினைவாதிகள் பக்கம் நின்றார், அங்கே ஒரு படைப்பிரிவிலும் இருந்தார். 2023 மே மாதம் அவருடைய கார் குண்டுவெடிப்பில் சிதறியது. காரில் உடனிருந்தவர் இறந்தார், பிரிலேபின் காயத்தோடு தப்பினார். துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்ற மூத்தவர் போரிஸ் அகூனினோ வெளிநாட்டிலிருந்து போரை எதிர்த்தார். 2023 டிசம்பரில் அவர் பெயர் பயங்கரவாதிகள் பட்டியலில் சேர்க்கப்பட்டது, பதிப்பகம் அவருடைய நூல்களை நிறுத்தியது. ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருந்த புத்தகங்களின் ஆசிரியர்கள் இப்போது எதிரெதிர் முகாம்களில்.

ரஷ்யாவை விட்டுப் போன எழுத்தாளன் ரஷ்யாவைப் பற்றி எத்தனை காலம் உயிர்ப்போடு எழுத முடியும் என்ற கேள்வி குளுகோவ்ஸ்கிக்கும் உண்டு. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. தண்டனை வந்த அடுத்த மாதமே, 2023 செப்டம்பரில், லண்டனின் மேரிலெபோன் அரங்கில் அவருடைய 'வெள்ளைத் தொழிற்சாலை' நாடகம் அரங்கேறியது. நாஜிகளின் பிடியில் இருந்த போலந்தின் லூட்ஸ் நகர யூதச் சேரி அதன் களம். உயிர் பிழைக்க ஒரு சமரசம், பிறகு இன்னொன்று என்று படிப்படியாகத் தன்னை இழக்கும் ஒரு மனிதனைப் பற்றிய கதை அது. 2024 நவம்பரில் அவர் எழுதிய கதையோடு 'மெட்ரோ அவேக்கனிங்' என்ற புதிய விளையாட்டும் வந்தது.

அவரைப் படிக்க விரும்புபவர்கள் 'மெட்ரோ 2033'இல் தொடங்கலாம். ஆங்கிலத்திலும் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் கிடைக்கிறது. அங்கேயே நின்றுவிடாமல் 'மெட்ரோ 2035'க்கும், கிடைத்தால் 'டெக்ஸ்ட்'டுக்கும் வர வேண்டும். இருபத்துச் சொச்ச வயதில் இணையத்தில் இலவசமாகக் கதை போட்ட பையன் எங்கிருந்து எங்கே வந்து சேர்ந்திருக்கிறான் என்பது அந்த மூன்று புத்தகங்களையும் வரிசையாகப் படித்தால் தெரியும். மாஸ்கோ நீதிமன்றத்தின் தீர்ப்பு அவர் மீது அப்படியே இருக்கிறது. திரும்பிப் போனால் எட்டு ஆண்டு சிறை.